ஆற்றுமுகம் வெட்டிய நாள்

அந்தக் கடற்கரை ஊருக்கு வாழ்க்கைப்பட்டுப் போன முதல் ஆறு மாதமும், எப்போது அங்கிருந்து கிளம்புவோம் என்ற ஒரே நினைப்பில்தான் இருந்தேன். பாளையங்கோட்டையில் கல்வீட்டில் வளர்ந்தவள் நான். என் வீட்டுக்காரர் மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார். அந்தப் பள்ளிக்கூடத்துக்கு அவர் ஒருவர்தான் வாத்தியார். தாமிரபரணி கடலில் சேருகிற இடத்தில், முன்னால் கடலும் பின்னால் ஆறுமாக, ஒரு மணல்மேட்டின் மேல் கிடந்தது ஊர். பெரிய உலகச் சண்டை வருவதற்கு இரண்டொரு வருஷம் முந்தி அது.

துவைத்த சேலை காய்ந்தாலும் பிசுபிசுத்தது. அரிசியில் உப்புக் காற்று ஏறியது. எல்லாவற்றையும் விட அந்த இரைச்சல்தான் என்னை வதைத்தது. பேசினாலும் படுத்தாலும் ஜெபம் பண்ணினாலும் கடல் பக்கத்திலேயே நின்று மூச்சு விடுவதுபோல் இருக்கும். "களக்காட்டுப் பக்கம் மாத்தல் கேளுங்களேன், மலையடிவாரமா இருந்தா நான் எங்கயும் இருந்துக்கிடுவேன்" என்று அவரை நச்சரித்துக்கொண்டே இருந்தேன். கேட்கிறேன் என்று சொல்லிவிட்டு அவர் சிலேட்டுகளை அடுக்கப் போய்விடுவார்.

எங்கள் வீடு இரண்டாம் வரிசை. முன்னால் கடலைப் பார்த்த முதல் வரிசையில் ஒரு மீன்பிடிக் குடும்பம் இருந்தது. புருஷனும் பெண்டாட்டியும் மட்டும். பிள்ளை இல்லை. அவளை நான் அக்கா என்று கூப்பிட்டேன். அவள் என்னை வாத்தியாரம்மா என்பாள், என்னை விட ஏழெட்டு வயது மூத்தவளாக இருந்தும்.

ஒருநாள் அவள் வாசலில் நின்று, அலை உடைகிற இடத்தைக் கைநீட்டிக் காட்டினாள்.

"அந்தா, வெள்ளையா நுரை தள்ளுது பாருங்க, அங்கனதான் எங்க மாமியா அடுப்படி இருந்துச்சு. நான் வாக்கப்பட்டு வந்து முதல்ல சோறு பொங்குனது அங்கனதான்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். "பயமா இல்லையாக்கா?" என்றேன்.

"பயம் இல்லாம?" என்றாள். அதற்குள் கரைவலை இழுக்கிற சத்தம் கேட்டது. என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள். கரைவலை என்றால், படகில் கொண்டுபோய்க் கடலை வளைத்துப் போட்ட பெரிய வலையை இரண்டு பக்கமும் கரையில் நின்று கயிறு பிடித்து இழுப்பது. ஊரே இழுக்கும். யாரோ பாட, மற்றவர்கள் ஏலோ என்று மறுபடி சொல்ல, கால் மணலில் புதையப் புதையப் பின்னால் நடப்பார்கள். வெட்கப்பட்டுக்கொண்டு ஒரு நுனியில் கை வைத்தேன். அன்று சாயங்காலம் என் வாசலில் ஓலைப்பெட்டி நிறையச் சாளை மீன் இருந்தது. கயிற்றைத் தொட்டவளுக்குப் பங்கு உண்டாம். அந்த ஊர்க்காரர்கள் கடலைப் பற்றிப் பேசும்போது, குடித்துவிட்டு வந்து வீட்டில் சண்டை போடுகிற, ஆனால் விட்டுவிட முடியாத ஒரு தாய்மாமனைப் பற்றிப் பேசுவதுபோலவே பேசுவார்கள். எனக்கு அது விளங்கவில்லை.

கார்த்திகை வந்தது. நான் ஆறு மாதக் கர்ப்பிணி. என் வீட்டுக்காரர் வாத்தியார்மார் கூட்டத்துக்குப் பாளையங்கோட்டை போயிருந்தார். அவர் போன மறுநாள் பிடித்த மழை விடவில்லை. மேற்கே மலையிலும் அடைமழை என்று ஆற்றின் நிறமே சொன்னது. செம்மண் கரைத்துவிட்டாற்போல் வந்தது தண்ணீர்.

ஆனால் அந்தத் தண்ணீர் கடலுக்குப் போக வழி இல்லை. கோடை முழுக்க அலை மணலைத் தள்ளித் தள்ளி ஆற்றின் வாயை அடைத்து வைத்திருந்தது. அந்த வாயை ஊரில் முகம் என்பார்கள். மற்ற வருஷங்களில் வெள்ளம் பைய ஏறி, தானே முகத்தை உடைத்துக்கொண்டு போய்விடும். இந்த வருஷம் புயல் காற்றில் கடல் இன்னும் மணலைக் கொண்டுவந்து கொட்டியிருந்தது. போக்கிடம் இல்லாத ஆறு ஊருக்குப் பின்னால் குளம்போல் தேங்கி ஏறியது. அன்று காலையில் நான் கதவைத் திறந்தபோது, பள்ளிக்கூடத்து வாசற்படியில் தண்ணீர் நின்றது. கிணறு எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லை.

தாலுகாவிலிருந்து ஓர் அதிகாரி மாட்டு வண்டிகளோடு வந்து சேர்ந்தார். நல்ல மனுஷர். மழையில் நனைந்து, தலைப்பாகை குலைந்து, குரல் கம்மிப் போயிருந்தது. ஊர்த்தலைவரையும் ஆட்களையும், கல்சிலுவை நிற்கிற குருசடிக்கு முன்னால் கூட்டினார்.

"மேல அணையைத் தாண்டித் தண்ணி போவுது. இருட்டுதுக்குள்ள ஊர் முங்கிரும். பனங்காட்டு மேட்டுல கொட்டகை போட்டிருக்கேன். எல்லாரும் ஏறுங்க."

ஊர்த்தலைவர் ஈரத் துண்டைப் பிழிந்தார். "வயசாளியள், நோயாளியள், பச்சை உடம்புக்காரியள அனுப்புதோம் ஐயா. நாங்க முகத்தை வெட்டி விடுதோம்."

"இந்தக் கடல்லயா? கிறுக்கு பிடிச்சிருக்கா வே? வெட்டுதவன் கடலோட போயிருவான்."

"வெட்டலைன்னா ஊரு போயிரும்லா."

அதிகாரி கையை உதறினார். என்னைப் பார்த்துத் திரும்பினார். "நீ பாளையங்கோட்டைப் பிள்ளைதானம்மா? உனக்கு இங்கன என்ன இருக்கு? வயித்துப் பிள்ளையோட ஏன் நிக்க? ஏறு."

ஏறினேன். ஏறாமல் என்ன செய்வேன்? அக்காதான் என் டிரங்குப் பெட்டியைத் தூக்கி வண்டியில் வைத்தாள். கடைசி வண்டி அது. என்னோடு, பிள்ளை பெற்றுச் சில நாளே ஆன ஒருத்தி குழந்தையோடு இருந்தாள்.

"போங்க வாத்தியாரம்மா. பத்திரமாப் பெத்து எடுங்க" என்றாள் அக்கா. கோபமோ குறையோ அவள் முகத்தில் இல்லை. வண்டி நகரும்போதே மண்வெட்டி எடுக்க ஓடிவிட்டாள்.

ஊரை விட்டு மேற்கே போகிற பாதை ஓர் இடத்தில் தாழ்ந்து, கல் பாவின தாம்போதி வழியாகப் போகும். மழைக்காலத்தில் தண்ணீர் அதன் மேல் வழிந்து ஓடும். வண்டி அதற்குள் இறங்கி ஏறும். முன்னால் போன வண்டிகள் அக்கரை ஏறிவிட்டன. எங்கள் வண்டி இறங்கியதும் தண்ணீர் சக்கரத்தின் குடத்தைத் தொட்டது. நடுவில் போனபோது வலது மாடு கால் இடறி மண்டியிட்டது. வண்டி சாய்ந்தது. என் டிரங்குப் பெட்டி வழுக்கி, ஒரு சத்தமும் இல்லாமல் தண்ணீரில் விழுந்து போய்விட்டது. கல்யாணச் சேலை, பைபிள், எல்லாம் அதில்தான்.

வண்டிக்காரர் குதித்தார். இடுப்பளவு தண்ணீர். மாட்டின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்துத் தூக்கிக்கொண்டே கத்தினார்: "இறங்காதீங்க தாயீ! அசையாதீங்க! பிள்ளையைப் பிடிச்சுக்கிடுங்க!"

பக்கத்தில் இருந்தவள் குழந்தையை என் மடியில் போட்டுவிட்டு இரண்டு கையாலும் வண்டிக் கம்பைக் கட்டிக்கொண்டாள். நான் குழந்தையை மார்போடு அமுக்கிக்கொண்டு, மாட்டின் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். மாடு எழுந்தது. ஆனால் முன்னே போக மாட்டேன் என்று நின்றது. அது மறுத்ததுதான் எங்களைக் காப்பாற்றியது. வண்டிக்காரர் எப்படியோ வண்டியைத் திருப்பி இந்தக் கரையில் ஏற்றினார். நாங்கள் திரும்பிப் பார்த்தபோது, தாம்போதியின் நடுப்பாகம் கல்லோடு பெயர்ந்து போயிருந்தது. அக்கரையில் அதிகாரி கையை ஆட்டி என்னவோ கூப்பிட்டார். காற்றில் ஒன்றும் கேட்கவில்லை.

"இனிமே போக வழி இல்ல தாயீ" என்றார் வண்டிக்காரர். ஊருக்கே திரும்பினோம்.

அங்கே வேறொரு இக்கட்டு. எங்கே வெட்டுவது? பழைய முகம் வடக்கே தூரத்தில் இருந்தது. அங்கே மணல் மலைபோல் கிடந்தது. ஒரு பகலில் வெட்டி முடியாது. கடல் அரித்து அரித்து மணல் மெலிந்திருந்த ஒரே இடம், ஊரின் வடகோடியில் எங்கள் தெருவின் முதல் வரிசை. அங்கே வெட்டினால் சீக்கிரம் உடையும். உடைந்தால் அந்த வரிசை வீடுகள் நிற்காது.

எல்லாருக்கும் அது தெரிந்திருந்தது. ஊர்த்தலைவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு தரையைப் பார்த்தார். அவர் வீடு பின்வரிசை. அவர் எப்படிச் சொல்வார்?

அக்காதான் சொன்னாள். "என்னத்த யோசிச்சிக்கிட்டு நிக்கிய? எங்க வீட்டுக்கு வடபக்கமா வெட்டுங்க."

அவள் புருஷன் அவளைப் பார்த்தார். "ஏட்டி, வீடு போயிரும்டீ."

"போட்டும். எல்லாரும் பனங்காட்டுல போய்க் குடியிருந்தா, மீன் நாத்தத்துக்கு நான் எங்க போவேன்?"

அந்த நிலையிலும் ஒருவர் இருவர் சிரித்துவிட்டார்கள். பிறகு முதல் வரிசையிலிருந்த மற்றவர்களும் ஒவ்வொருவராகத் தலையாட்டினார்கள். ஒருத்தி மட்டும் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். அவளை யாரும் அவசரப்படுத்தவில்லை. கொஞ்ச நேரத்தில் அவளே சாமி படத்தைக் கழற்றி எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

கதவு, வலை, துடுப்பு, பானை என்று கையில் அகப்பட்டதை எல்லாம் குருசடிக்குப் பக்கத்தில் குவித்தார்கள். என்னைக் குருசடிப் படியில் உட்கார வைத்தார்கள். என்னோடு வண்டியில் வந்தவள், பச்சை உடம்பு என்று எவ்வளவு சொல்லியும் கேட்காமல், குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டு மணல் சுமக்கப் போய்விட்டாள். குழந்தையின் மேல் என் முந்தானையைப் போட்டு மூடிக்கொண்டு, நடந்த அத்தனையையும் அங்கிருந்துதான் பார்த்தேன்.

ஆற்றுப் பக்கமிருந்து வாய்க்காலாக வெட்டிக்கொண்டு வந்தார்கள். ஆண்கள் வெட்ட, பெண்கள் பெட்டியில் வாரிக் கை மாற்றிக் கை மாற்றிக் கொட்டினார்கள். கடல் பக்கம் மட்டும் ஒரு மணல் சுவரை விட்டு வைத்தார்கள். கடல் வற்றி இறங்குகிற நேரத்தில்தான் அதை உடைக்க வேண்டும். ஏறுகிற நேரத்தில் உடைத்தால் கடல் உள்ளே வந்துவிடும். ஒவ்வொரு பெரிய அலையும் அந்தச் சுவரைத் தாண்டி வந்து, வெட்டினதில் பாதியைத் தூர்த்துவிட்டுப் போயிற்று. மறுபடி வெட்டினார்கள். பின்னால் பள்ளிக்கூடத்தின் சுவர் ஒருபக்கம் சரிந்து விழுகிற சத்தம் கேட்டது. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

பகல் சாய்ந்தபோது ஊர்த்தலைவர், "வத்துது" என்றார்.

சுவரை உடைக்க அக்காவின் புருஷன் இறங்கினார். கரைவலைக் கயிற்றை இடுப்பில் கட்டி, மறுநுனியைக் கரையில் ஆறேழு பேர் பிடித்துக்கொண்டார்கள். முதல் ஆளாக நின்றவள் அக்கா.

அவர் மண்வெட்டியை ஓங்கி ஓங்கிப் போட்டார். முதலில் ஒரு சாண் அகலத்துக்குத்தான் தண்ணீர் கசிந்து ஓடியது. இவ்வளவுதானா என்று யாரோ முனகினார்கள். அந்தச் சாண் முழமாயிற்று. வாய்க்காலின் இரண்டு பக்கமும் மணல் பாளம் பாளமாக உள்ளே சரிந்தது. அதுவரை கடல் இரைச்சல் மட்டுமே கேட்ட காதில், பூமிக்குள்ளிருந்து வருவதுபோல் வேறொரு உறுமல் கேட்டது.

"ஏறுலே! ஏறு!" என்று ஊர்த்தலைவர் அலறினார்.

அக்காவின் புருஷன் திரும்பி ஓர் எட்டு வைத்தார். கால் வைத்த இடத்தில் மணல் இல்லை. கயிறு விறைத்தது. பிடித்திருந்தவர்களின் காலடி மணலும் சரிந்தது. பின்னால் நின்றவர்கள் கயிற்றை விட்டுவிட்டுப் பின்னே பாய்ந்தார்கள். அக்கா மட்டும் விடவில்லை. கயிறு அவள் உள்ளங்கையை அறுத்துக்கொண்டு ஓடியது. அவளும் அதோடு இழுபட்டுப் போனாள். வண்டிக்காரர்தான் அவள் இடுப்பைப் பிடித்துத் தூக்கிக் கரைப்பக்கம் எறிந்தார்.

அவள் புருஷன் போய்விட்டார். பழுப்புத் தண்ணீர் கடலுக்குள் ஒரு ரோடுபோல் நீண்டு ஓடியது. அதன் நடுவில் ஒரு கறுப்புத் தலை தெரிந்தது, பிறகு தெரியவில்லை. அடுத்த நொடி அவர்கள் வீட்டுச் சுவர் உட்கார்ந்தது. பனையோலைக் கூரை அப்படியே முழுசாகக் கழன்று, மிதந்து, சுற்றிச் சுற்றி அவர் போன வழியிலேயே போயிற்று.

தெற்கே, அலை சற்றுக் குறைந்த இடத்தில் கட்டுமரத்தை இறக்கினார்கள். அலை தூக்கிக் கரையில் எறிந்தது. மறுபடி இறக்கினார்கள். மறுபடி எறிந்தது. அக்கா அழவில்லை. இரண்டு கையிலும் ரத்தம் வடிய, போகிறவர் வருகிறவரிடமெல்லாம் ஒன்றையே கேட்டாள்.

"எங்கிட்டு இழுக்கு? தெக்கயா, வடக்கயா?"

"தெக்க இழுக்குக்கா" என்றார் ஒருவர்.

உடனே கரையோடு தெற்கே நடக்க ஆரம்பித்தாள். குழந்தையை அதன் தாயிடம் கொடுத்துவிட்டு நானும் பின்னால் போனேன். யாரோ தடுத்தார்கள், கேட்கவில்லை. ஈர மணலில் என் கால் புதைந்தது, அடிவயிறு இழுத்துப் பிடித்தது. அவள் ஒரு தடவை திரும்பி, "ஏட்டி, வராத, உக்காரு!" என்று அதட்டினாள். என்னை அவள் ஏட்டி என்று சொன்னது அதுதான் முதல் தடவை. நான் உட்காரவில்லை.

ஒவ்வொரு கறுப்பும் அவர்தானோ என்று தோன்றும். கிட்டப் போனால் மரக்கட்டையாக இருக்கும், செத்த ஆடாக இருக்கும். வெளிச்சம் மங்கிக்கொண்டே வந்தது. கடைசியில், அலை விளிம்பில் ஒரு பெரிய குவியல் கிடப்பதை வண்டிக்காரர்தான் முதலில் பார்த்தார். பனையோலைக் கூரை. அதன் விட்டத்தைக் கட்டிப் பிடித்தபடி, குப்புறக் கிடந்தார் அக்காவின் புருஷன். நான் கதை கட்டுவதாகச் சிலர் நினைக்கலாம். அந்த ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், தன் வீட்டுக் கூரையைப் பிடித்துக்கொண்டு கரையேறின மனுஷன் என்று.

புரட்டிப் போட்டதும் தண்ணீரைக் கக்கினார். வலது தோள் கழன்று தொங்கியது. கண்ணைத் திறந்து அக்காவைப் பார்த்து, "வலைக் கயிறு போயிட்டேடீ" என்றார்.

அப்போதுதான் அவள் உட்கார்ந்து அழுதாள். அவரைத் திட்டிக்கொண்டே அழுதாள்.

மறுநாள் காலையில் ஊருக்குப் பின்னால் தண்ணீர் வடிந்து சேறு தெரிந்தது. முதல் வரிசை இருந்த இடத்தில் ஆறு அகலமாகக் கடலுக்குள் போய்க்கொண்டிருந்தது. மற்றத் தெருக்கள் நின்றன. ஓர் உயிரும் போகவில்லை.

மழை விட்டதும் அதிகாரி படகில் வந்தார். எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார். "இவங்களுக்குப் பனங்காட்டுல மனை தாரோம்மா. வீடு இழந்தவங்களாவது வரட்டும். நீ படிச்ச பிள்ளை, எடுத்துச் சொல்லு."

அக்கா எங்கள் வீட்டில்தான் இருந்தாள். இரண்டு கையிலும் மஞ்சள் பத்துப் போட்டுத் துணி சுற்றியிருந்ததால், நான்தான் சோற்றைப் பிசைந்து ஊட்டிவிடுவேன். ஊட்டிக்கொண்டே அதிகாரி சொன்னதைச் சொன்னேன். நல்ல மண், நல்ல தண்ணீர், புயல் எட்டாது என்று எனக்குத் தோன்றியதையும் சேர்த்துச் சொன்னேன்.

மென்று விழுங்கிவிட்டுக் கேட்டாள்: "அங்கன காலையில எந்திச்சு எதைப் பாக்க?"

"அக்கா, அத்தான் செத்துப் பிழைச்சிருக்காவ. உங்களுக்குப் பயமே இல்லையா?"

"உனக்கு இருக்க பயம் எனக்கும் இருக்குட்டீ. எங்க அம்மைக்கும் இருந்துச்சு. பயமா இருந்தா பிடிக்காமப் போயிருமா?" சோற்றுத் தட்டைக் கண்ணால் காட்டி, "இன்னொரு வாய் குடு. உப்புக் காணாது" என்றாள்.

தாம்போதியைச் சீர்செய்த பிறகுதான் என் வீட்டுக்காரர் வந்து சேர்ந்தார். நான் உயிரோடு இருக்கிறேனா என்பதே தெரியாமல் அக்கரையில் தவித்திருக்கிறார். என்னைப் பார்த்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு, எனக்குச் சந்தோஷம் தருவதாக நினைத்து, களக்காட்டுப் பக்கம் மாற்றல் சொல்லிவிட்டார்கள், வைகாசியில் போகலாம் என்றார்.

பேறுகாலத்துக்குப் பாளையங்கோட்டைக்குப் போனேன். சத்தமில்லாத அந்த வீட்டில் எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. என் அம்மா, வெள்ளத்தில் பயந்த உடம்பு என்று வேப்பிலையும் ஜெபமுமாகப் பார்த்துக்கொண்டார்கள். என் வீட்டுக்காரர் பார்க்க வந்த ஒருநாள், "அந்த மாத்தல் வேண்டாம்னு சொல்லிருங்களேன்" என்றேன்.

"நீதானே கேட்ட?"

"கேட்டேன்."

மிஷனுக்கு எழுதிப் போடுகிறேன் என்றார் அவர். அம்மாவுக்குத்தான் கோபம். கைப்பிள்ளையோடு அந்த மணலுக்கா போவாய், அங்கே அப்படி என்ன கொட்டிக் கிடக்கிறது என்று கேட்டார்கள். இரண்டு நாள் என்னோடு பேசாமல் இருந்துவிட்டு, மூன்றாம் நாள் அம்மாவே கருப்பட்டியும் சுக்கும் கட்டிக் கொடுத்தார்கள்.

மகளை மடியில் வைத்துக்கொண்டு நான் திரும்பிப் போனபோது சித்திரை வெயில். வண்டி ஊரை நெருங்க நெருங்க அந்த இரைச்சல் கேட்டது. பழையபடியே பயம் வந்தது. வண்டியை விட்டு இறங்குவதற்குள் அக்கா ஓடிவந்து பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டாள். அவர்கள் எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே புதுவீடு கட்டியிருந்தார்கள். அக்காவின் புருஷனுக்குத் தோள் சேர்ந்துவிட்டது, துடுப்பு வலிக்கிற பலம் மட்டும் திரும்பவில்லை. கரையில் நின்று மீனை ஏலம் கூறுகிற வேலையை ஊர் அவருக்குக் கொடுத்திருந்தது. அவர் குரல் பள்ளிக்கூடம் வரைக்கும் கேட்கும் என்று என் வீட்டுக்காரர் சலித்துக்கொள்வார்.

"வாத்தியார் மக கறுப்பாத்தான் இருக்கா" என்று அக்கா பிள்ளையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "வெயில் தாழட்டும். கடலைக் காட்டிட்டு வாரேன்."

"அலைக்குப் பக்கத்துல போகாதீங்கக்கா" என்றேன்.

"நீயும் கூட வந்து பாத்துக்க" என்றாள்.

சாயங்காலம் மூவரும் போனோம்.